அபிராமசுந்தரியின் சொந்த சிலிண்டர்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. திருத்தணியில் ஒரு கல்லூரி ஆண்டு மலருக்காகக் கேட்கப்பட்ட ஒன்றரைப் பக்கக் கட்டுரையாகத்தான் பிறந்தது. ஆண்டு 1997. தலைப்பை நுகர்வோர் மன்றத்துப் பேராசிரியரே கொடுத்துவிட்டார்: 'கேஸ் கம்பெனி மாறுகிறவர்கள் ஏமாறாமல் இருப்பது எப்படி?' எழுதும்படி பணிக்கப்பட்ட இரண்டாம் ஆண்டு மாணவனை இனி எழுதுகிறவன் என்றே அழைப்போம். அவன் பெயரால் இந்தக் கதைக்கு ஒரு நன்மையும் இல்லை. அவன் வீட்டில் கேஸும் இல்லை. பெயர் வரிசையில் இருக்கிறது. அவன் அ, ஆ எழுதிய காலத்திலிருந்து இருக்கிறது.

அரசாங்க கேஸுக்கு வருஷக்கணக்கில் காத்திருந்த நாட்டில், தனியாரும் விற்கலாம் என்று அனுமதி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நல்ல கம்பெனிகள் வந்தன. விசிட்டிங் கார்டு மட்டுமே இருந்த கம்பெனிகளும் வந்தன. ஆகவே எழுதுகிறவன் கட்டுரையை இப்படித் தொடங்கினான்: 'வீடு தேடி வந்து கம்பெனி மாறச் சொல்பவரிடம் பழைய சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கேஸ் புத்தகத்தையும் ஒருபோதும் கொடுத்துவிடக் கூடாது. முதலில் நம் பழைய ஏஜென்சியில் போய் விசாரிக்க வேண்டும். அன்றைக்கே கையெழுத்துப் போடச் சொன்னால்'

இந்த இடத்தில் வாக்கியம் நின்றுவிட்டது. எழுதியதை அவன் தன் தாய் ரத்தினம்மாளுக்குப் படித்துக் காட்டியதுதான் காரணம். மலையடிவாரத்து மடப்பள்ளித் தெருவில்* வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவள் அவள். கேட்டுவிட்டு, பால் செம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"இத்த நீ அந்த ஐயிரம்மாகிட்ட ரெண்டு மாசம் முன்ன படிச்சிருந்தா அந்தம்மா மூச்சு வாங்கிகினு கெடக்க மாட்டாங்க."

எந்த ஐயரம்மா என்று அவன் கேட்டான். ரத்தினம்மாள் சொல்லச் சொல்ல அவன் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். கடைசியில் மூடி உடைந்தது. கட்டுரையும் அங்கேயே நின்றது.

(* தெருவின் பெயர் மாற்றப்பட்டிருக்கிறது. அந்தத் தெருக்காரர்கள் படித்தால் எந்தத் தெரு என்று தெரிந்துகொள்வார்கள். மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.)

2

தொடக்கம், முதல் முயற்சி: 'தணிகை மலையின் தோளில் வெண்மேகம் ஒன்று' [கைவிடப்பட்டது. கேஸ் கதையில் மேகத்துக்கு வேலை இல்லை.]

இரண்டாம் முயற்சி: 'அபிராமசுந்தரி ஓர் ஏமாளி.' [கைவிடப்பட்டது. பொய். பாலில் விரலை விட்டு எடுத்துப் பார்த்தே எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடுவாள். எழுதுகிறவனின் குடும்பத்துக்கு இது அனுபவபூர்வமாகத் தெரியும்.]

மூன்றாவது, இப்போதைக்கு நிற்பது:

அபிராமசுந்தரி வீட்டுக்கு சிலிண்டர் வந்தால் முதலில் அதற்குக் குளியல் நடக்கும். கிணற்றடியில் நிறுத்தி, புளியும் தேங்காய் நாருமாகத் தேய்த்து, தலையோடு தண்ணீர் ஊற்றி, அது சொட்டச் சொட்ட அடுப்படிக்குப் போகும். அதன்பின் வெளியார் யாரும் அதைத் தொடக்கூடாது. அவள் கணவர் கணபதிசுப்பிரமணியன் மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிறவர். அவர் அப்பாவும் அங்கேதான் சமைத்தார். சுவாமிக்கு நைவேத்தியம் செய்கிற கை வீட்டில் சாப்பிடுவதும் தீட்டுப் படாமல் மடியாக இருக்கவேண்டும் என்பதில் அந்தத் தெருவில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. ஒரு வீட்டுச் சமையலறைக்குள் அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பதும் கிடையாது.

மலை மடப்பள்ளியில் விறகு எரிகிறது. வீட்டிலும் விறகுதான் எரிந்துகொண்டிருந்தது, அபிராமசுந்தரியின் மார்பு தாங்கிய வரைக்கும். அவளுக்கு இழுப்பு உண்டு. புகை பட்டால் உட்கார்ந்தபடியேதான் தூங்கவேண்டும். இனிமேல் புகையே ஆகாது என்று வைத்தியர் தீர்த்துச் சொன்னபிறகு கணவர் அலையாய் அலைந்து வாங்கியது அந்த இணைப்பு. மற்ற வீடுகளில் அது சௌகரியம். அவளுக்கு அது மூச்சு. அதை அவள் தானாகவே கழற்றி ஒருவனிடம் கொடுத்தாள் என்பதுதான் இந்தக் கதை.

3

வந்தவன் பெயர் மணவாளன். அப்படித்தான் சொன்னான். ஆண்கள் மலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வந்தான். நெற்றியில் பட்டையாக விபூதி, பாதி தமிழும் பாதி தெலுங்கும் கலந்த பேச்சு. வாசற்படி ஏறவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கும், மடியாக இருப்பீர்கள், வேண்டாம் என்றுவிட்டான். எழுதுகிறவன் இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இவ்வளவு நாகரிகமான விருந்தாளி அந்தத் தெருவுக்கு அதற்கு முன் வந்ததில்லை.

அவன் எதையும் விற்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"மாமி, தப்பா நெனச்சுக்காதீங்க. இப்ப உங்க அடுப்படியில இருக்குதே, அந்த சிலிண்டர் போன மாசம் எந்த வீட்ல இருந்துச்சி?"

அபிராமசுந்தரி அதுவரை சிலிண்டரைக் குளிப்பாட்டியிருக்கிறாளே தவிர, அதன் பூர்வோத்தரத்தை விசாரித்ததில்லை. இரும்புக்கு ஏது குலம் கோத்திரம் என்று விட்டிருந்தாள். இப்போது எந்தெந்த வீட்டு மீன் குழம்புக்கெல்லாம் அது எரிந்திருக்கும் என்று யோசித்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.*

"நான்தான் அலம்பி எடுத்துண்டு வரேனே" என்றாள்.

"வெளிய அலம்பிடலாம் மாமி. உள்ள?"

பிறகு அவன் சொன்னதைச் சுருக்கினால் இதுதான். அவனுடைய கம்பெனி ஸ்ரீசுத்தா கேஸ். அங்கே ஒரு வீட்டுக்கு ஒரு சிலிண்டர். அது அந்த வீட்டின் சொந்த சிலிண்டர். பெயர் எழுதியிருக்கும். தீர்ந்தால் அதே சிலிண்டர் தனியாகப் போய், தனியாக நிரம்பி, அதே வீட்டுக்குத் திரும்பி வரும். நடுவில் வேறு வீட்டு வாசலை மிதிக்காது. பழைய இணைப்பை அவனே ஏஜென்சியில் ஒப்படைத்து, முன்பணத்தை வாங்கிக் கொண்டுவந்து தருவான். மடப்பள்ளிக் குடும்பங்களுக்கு மட்டும், அதிலும் சில வீடுகளுக்கு மட்டும்தான் இந்த ஏற்பாடு. அதனால் பக்கத்து வீட்டில் சொல்லவேண்டாம். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான். "எல்லா வீடும் உங்க வீடு மாதிரி இருக்குமா மாமி?"

அவள் பக்கத்து வீட்டைப் பார்த்தாள். குருக்கள் மனைவி பார்கவியின் வீடு. பார்கவி சாம்பாரில் பூண்டு போடுவாள் என்று அபிராமசுந்தரிக்கு வெகுநாளாகச் சந்தேகம். சரி என்று அபிராமசுந்தரியின் தலை தானாக ஆடியது.

(* எழுதுகிறவனின் வீட்டில் மீன் குழம்பு விறகடுப்பில்தான் கொதிக்கிறது. அந்த சிலிண்டரை அது தீண்டியிருக்க வழியே இல்லை. கேஸ் கிடைக்காததால் அவன் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் இது.)

4

பழைய சிலிண்டர், ரெகுலேட்டர், கேஸ் புத்தகம் மூன்றும் போயின. புதியது மறுநாள் வந்தது. மஞ்சள் தடவிய புது வேட்டியில் சுற்றி, கண்படாமல், சுவாமி புறப்பாடு போல வந்தது. பிரித்தால் காவி வண்ணம், குறுக்கே மூன்று விபூதிக் கோடு, கீழே வெள்ளை எழுத்தில் அழகாக 'அபிராமசுந்தரி'. தன் பெயரைக் கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அவள் பெரிய எழுத்தில் பார்த்தது அன்றுதான். குங்குமம் வைத்தாள். கணவரிடம் சொல்லவில்லை. ஆடிக் கிருத்திகை வரட்டும், உறவுக்காரர்கள் நிறைய வருவார்கள், அப்போது காட்டி அசத்தலாம் என்று வைத்திருந்தாள்.

சொந்த சிலிண்டர் அதற்குள் தீர்ந்துவிட்டது. முழுசாக நிரம்பி வந்ததாகவே தெரியவில்லை.

மணவாளன் கொடுத்திருந்த விசிட்டிங் கார்டில் இருந்த எண்ணுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பாத்திரக் கடையில் மணி அடித்தது. எடுத்தவர் இந்தக் கேள்விக்குப் பழகியவர் போலிருந்தார். "காஸ் லேதம்மா. குக்கர் உந்தி. காவாலா?" கேஸ் இல்லையாம், குக்கர் வேண்டுமானால் இருக்கிறதாம்.

அவள் போனை வைக்கவில்லை. காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பூத்துக்காரர் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

அன்றிலிருந்து மண்ணெண்ணெய் ஸ்டவ். இழுப்பு வந்தது. மண்ணெண்ணெய் வாடையைத் தெரு கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று சாம்பிராணி போட்டாள். இழுப்பு அதிகமானது. இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் ரத்தினம்மாள் பால் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "இன்னா ஐயிரம்மா, இந்தத் தெருவுல எந்தப் பக்கம் போனாலும் ஒரே சாம்பிராணியா கீது. அல்லாருக்கும் ஒரே நேரத்துல பக்தி முத்திப் போச்சா?"

அபிராமசுந்தரி சிரித்தாள். ரத்தினம்மாள் சொன்னதன் அர்த்தம் அவளுக்கு அப்போது புரியவில்லை. உங்களுக்குப் புரிந்திருந்தால் தயவுசெய்து அவளிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள்.

5

[இந்தப் பகுதியில் ஏஜென்சி கவுண்டரில் இருந்தவரை மனசாட்சியற்றவராகக் காட்ட ஒரு முழுப் பத்தி எழுதப்பட்டு, பிறகு கிழிக்கப்பட்டது. அவர் அப்படி இல்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை.]

அவள் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அம்மா, சிலிண்டரக் குடுத்துட்டு, ரெகுலேட்டரயும் கழட்டிக் குடுத்துட்டு, புக்கையும் குடுத்துட்டு, ஏமாந்துட்டேன்றீங்க. பிளாக்ல வித்துட்டு வர்றவங்களும் இதேதான் சொல்றாங்க. நான் எத்த நம்பட்டும்?"

மணவாளன் இணைப்பை ஒப்படைக்கவே இல்லை. புத்தகம் யார் கைக்கோ போயிருக்கிறது. கிருத்திகைக் கடைக்காரர்களுக்கு கேஸ் தேவை, அதற்குள் வேறு பெயருக்கு மாற்றிவிட முயல்வார்கள். மாறிவிட்டால் மீட்க முடியாது, மறுபடி வரிசைதான். அவள் சொன்ன ஆளிடமே ஏமாந்த இன்னொருவர் கூட வந்து சொன்னால் நம்பி நிறுத்திவைப்பார்கள். இணைப்பு கணவர் பெயரில் இருப்பதால் அவரும் வரவேண்டும்.

இன்னொருவர். அபிராமசுந்தரிக்குத் தெரிந்து உலகத்தில் ஏமாந்தவள் அவள் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை காலை, சிலிண்டருக்கு வாராவாரம் குளியல் நடக்கும் நேரம். காலி சிலிண்டரானாலும் குளிப்பாட்டுகிற நாள் குளிப்பாட்டுகிற நாள்தான். கிணற்றடியில் நிறுத்திப் புளி போட்டு நாரால் தேய்த்தாள். வழக்கமாகத் தேய்ப்பதைவிட அழுத்தித் தேய்த்தாள். கோபத்தை வேறு எங்கே காட்டுவது? காவி வண்ணம் ஏடு ஏடாக உரிந்தது. முதலில் 'சுந்தரி' போனது. பிறகு 'அபிராம'வும் போனது. அடியில் இன்னொரு காவி. அதிலும் மூன்று விபூதிக் கோடு. அதன் கீழே, அதே கையால் எழுதிய அதே வெள்ளை எழுத்தில்,

பார்கவி.

நார் கையிலேயே இருந்தது. வாளி கவிழ்ந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாய் திறந்திருந்தது. மூச்சு உள்ளே போனதா வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. எந்த வீட்டு வாசலையும் மிதிக்காத சொந்த சிலிண்டர் பக்கத்து வீட்டு அடுப்படியில் ஒரு வாழ்க்கை வாழ்ந்துவிட்டு, மேலே பெயர் பூசிக்கொண்டு, சுவர் தாண்டி வந்திருக்கிறது.

எழுதுகிறவன் அவள் சொன்னபடியே எழுதுகிறான். முதலில் அவளுக்குப் பூண்டு ஞாபகம்தான் வந்தது. ஏமாந்தது அதற்கு அடுத்தபடியாகத்தான் உறைத்தது. அதற்கும் பிறகு, மூன்றாவதாக, தெரு முழுக்க அடிக்கிற சாம்பிராணி வாசனை.

6

பார்கவியைப் பற்றி.

முதல் பிரதியில் அவள் கல்நெஞ்சக்காரி. இரண்டாம் பிரதியில் அசடு. இரண்டிலும் எழுதுகிறவனுக்கு நம்பிக்கை வரவில்லை. நடந்தது இவ்வளவுதான்: அபிராமசுந்தரி ஈரப்புடவையோடு போய்க் கதவைத் தட்டினாள். கதவு ஒரு சாண் திறந்தது. அந்த இடைவெளி வழியே சாம்பிராணிப் புகை வந்தது. அதன் அடியில் மண்ணெண்ணெய்.

"பார்கவி, உங்காத்துல கேஸ் இருக்கோ?"

"பேஷா இருக்கே மாமி. ஏன்?"

"மணவாளன்னு ஒருத்தன் வந்தானோ?"

"யாரும் வரலியே."

"எங்காத்து சிலிண்டர்ல உன் பேர் இருக்குடி."

பார்கவியின் கண் ஒரு கணம் அபிராமசுந்தரியின் கையைப் பார்த்தது. விரலிடுக்கில் காவி ஒட்டியிருந்தது.

"பார்கவின்னு ஊர்ல எத்தனையோ பேர் இருப்பா, மாமி."

கதவு மரியாதையாகச் சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே இருமல் கேட்டது.

அவளுடைய கேஸ் இணைப்பு அவள் அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்தது என்று ரத்தினம்மாள் சொல்கிறாள். அதைப் பறிகொடுத்தேன் என்று புகுந்த வீட்டில் எந்த வாயால் சொல்வாள்? இது ஊகம். உள்ளே இருந்து சொல்லவேண்டியவள் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். ஆனால் ஒரு விஷயம் ஊகமில்லை. நிரப்பப் போன தன் சிலிண்டர் திரும்பி வராத அன்றே பார்கவி சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அபிராமசுந்தரி மணவாளனை வாசலோடு துரத்தியிருப்பாள். அதே மாதிரி அபிராமசுந்தரியும் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு அடுத்து எந்த வீடோ.

7

கணவரிடம் சொல்லியாக வேண்டும். கணபதிசுப்பிரமணியன் மாலையில் மலை இறங்கி வந்தார். அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல நினைத்தாள். ஒரே மூச்சு என்பது அவளிடம் அப்போது இல்லை. விட்டு விட்டுச் சொன்னாள். அவர் திட்டவில்லை.

"ரசத்துல கிரசின் வாடை வரதுன்னு எனக்கு எப்பவோ தெரியும். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

பிறகு தோள்துண்டை எடுத்து மடித்தார். முகம் வெளுத்திருந்தது.

"விபூதிப் பட்டை, தெலுங்கு வாடை, அவன்தானே? மலையில பிரசாதம் வாங்கிண்டு நின்னான். ஏன் சாமி, உங்க தெருவுல சிலிண்டரைக் குளிப்பாட்டறாங்கன்னு கேட்டான். அட, இவ்வளவு சிரத்தையா கேக்கறானேன்னு சந்தோஷமா இருந்தது. மடின்னா என்னன்னு அவனுக்குப் பாடம் எடுத்ததே நான்தான்டி. கையில புளியோதரையும் கொடுத்து அனுப்பினேன்."

[இந்த இடத்தில் அபிராமசுந்தரியின் அதிர்ச்சியை வர்ணிக்க எழுதுகிறவன் எடுத்த முயற்சிகள் அனைத்தும் தோல்வி. அவள் அழவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டாள். தூண் இருந்தது நல்லதாயிற்று.]

அவர் கூட வருகிறேன் என்றார். அப்போதும் இன்னொருவர் பாக்கி. கிருத்திகை நெருங்கிவிட்டது. அடிவாரத்தில் காவடிகளுக்குப் பந்தல் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

8

முடிவுகள்.

முதல் முடிவு: கிருத்திகைக் கூட்டத்தில் காவடி தூக்கிவரும் மணவாளனை அபிராமசுந்தரி அடையாளம் கண்டு கையைப் பிடிக்கிறாள். அரோகரா முழக்கம். போலீஸ். [இழுப்பு உள்ளவள் அந்தக் கூட்டத்துக்குள் போகவே முடியாது. நீக்கம்.]

இரண்டாம் முடிவு: பார்கவி மனம் திருந்தி, கண்ணீரோடு வந்து, மாமி, நானும் ஏமாந்தேன் என்கிறாள். இருவரும் கைகோத்து ஏஜென்சிக்குப் போகிறார்கள். கேஸ் திரும்புகிறது. பால் பொங்குகிறது.

இரண்டாவதை அவன் கொண்டுபோய் அபிராமசுந்தரியிடமே படித்துக் காட்டினான். நன்றாக இருப்பதாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தான். அவள் ஸ்டவ்வை அணைத்துவிட்டு வந்து நடையில் உட்கார்ந்து கேட்டாள்.

"ஏண்டாப்பா, இது நடந்துதா?"

"இன்னும் நடக்கல மாமி. நடந்தா நல்லா இருக்கும்னு எழுதினேன்."

"இதைப் படிச்சுட்டு எவளாவது பயப்படுவாளோ? எல்லாம் கடைசியில வந்துடும்னு அவளும் கழட்டிக் குடுத்துடுவாள். அடிச்சுடு."

அவன் அடித்துவிட்டான். அப்படியானால் எப்படி முடிப்பது என்று கேட்டான்.

"நாளைக்கு உங்கம்மாவோட பால் கொண்டு வா. பாரு. பார்த்ததை எழுது."

9

பார்த்தது.

காலை. மடப்பள்ளித் தெருவில் கோலங்கள் போட்டாகிவிட்டது. அபிராமசுந்தரி வீட்டுக் கோலத்தின் நடுவில் சிலிண்டர் நின்றது. இந்தத் தெருவில் சிலிண்டர் வாசலில் நின்று யாரும் பார்த்ததில்லை. போகிற வருகிறவர்கள் தொடலாம். அவள் தடுப்பதாகத் தெரியவில்லை. பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் நார், காலடியில் புளிக் கிண்ணம். கணவர் அன்றைக்கு மலை ஏறவில்லை, வாசற்படியில் நின்றிருந்தார்.

அவள் இன்னும் தேய்த்திருந்தாள். காவி மூன்று ஏடாக விளிம்பு விளிம்பாகத் தெரிந்தது. மேலே அவள் பெயரின் மிச்சம். அடுத்தது பார்கவி. அதற்கும் கீழே ஒன்று. இரண்டு எழுத்துதான் வெளியே வந்திருந்தது. மீதியை அவள் தேய்க்கவில்லை.

"நான் ஏமாந்துட்டேன்" என்றாள். உரக்கச் சொல்ல மூச்சு இல்லை. ஆனால் தெரு அவ்வளவு அமைதியாக இருந்ததால் கடைசி வீடு வரைக்கும் கேட்டிருக்கும். "கேஸ் புஸ்தகத்தையும் நானே எடுத்துக் குடுத்தேன். நாங்க ரெண்டு பேரும் ஏஜென்சிக்குக் கிளம்பறோம். இன்னும் ஒருத்தர் வந்தா போறும். கீழே இருக்கற பேரை நான் தேய்க்க மாட்டேன். அவாளே வரட்டும்."

ரத்தினம்மாள் செம்பைக் கீழே வைத்தாள். எழுதுகிறவன் அதுவரை எதற்கும் ஒரு கிண்டல் தயாராக வைத்திருப்பவன். இப்போது நோட்டை மூடிவிட்டுப் பார்த்தான். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கதவு ஒன்றும் திறக்கவில்லை. எங்கும் சாம்பிராணி. அதை மீறி ஒவ்வொரு வீட்டிலிருந்தும், அடக்கி அடக்கி, இருமல். இத்தனை வீடா என்று அவனுக்குத் திக்கென்றது. ரத்தினம்மாள் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்துவிட்டு, யாரிடம் என்றில்லாமல், "அடிப்பாவிங்களா" என்றாள்.

அபிராமசுந்தரி காத்திருந்தாள். மூச்சு இழுக்கிற சத்தம் தெருவுக்கே கேட்டது.

கடைசியில் ஒரு தாழ்ப்பாள் விலகியது.

எந்த வீடு என்று எழுதுகிறவனுக்குத் தெரியும். அவன் எழுதப் போவதில்லை. எழுதினால் மற்ற வீடுகளெல்லாம் நிம்மதியாகி மறுபடி ஜன்னலைச் சாத்திவிடும். பேராசிரியர் கேட்ட கட்டுரை இன்னும் அவன் கையில் அந்தப் பாதி வாக்கியத்தோடுதான் இருக்கிறது. அன்றைக்கே கையெழுத்துப் போடச் சொன்னால், பக்கத்து வீட்டில் சொல்லாதே என்று சொன்னால், முதலில் போய்ப் பக்கத்து வீட்டில் சொல்லவேண்டும். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது.

மிச்சம் உங்கள் பாடு. உங்களுக்கும் ஒரு கதவு இருக்கும். அதில் ஒரு தாழ்ப்பாளும் இருக்கும். வெளியே ஒருத்தி முக்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள்.